சாதகம் ஐந்து, பாதகம் ஐந்து

சென்ற தவணை என் மகளின் வகுப்பைப் புவியியல் கள ஆய்வுக்கென்று ஹிக்கடுவைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். தலைப்பு: ‘சிறிய கரையோர நகரமொன்றில் சுற்றுலாத்துறை ஏற்படுத்தும் தாக்கங்கள்’. விடியப்புறம் ஐந்து மணிக்கு இரத்மலானையில் பஸ் ஏறினார்கள். காலி வீதியால் எண்பது கிலோமீற்றருக்கு மேல் ஓடி, கடலைப் பார்த்துவிட்டு, இரவு ஒன்பது மணிக்கு வந்து இறங்கினார்கள்.

இரத்மலானையில் காலி வீதியிலிருந்து மேற்கே இறங்கி நடந்தாலும் கடல்தான் வரும். வடக்கே ஒரு ரயில் தரிப்புத் தள்ளினால் கல்கிசை. ஆளுநர் மெயிற்லண்ட் 1806இல் அங்கே தனக்கு மாளிகை கட்டிக்கொண்டார். 1877இல் அது ஹோட்டலாகவும் ஆகிவிட்டது. வெளியூரார் வந்து ஓய்வெடுப்பதன் தாக்கத்தை இருநூறு வருடமாக வாங்கிக்கொண்டிருக்கிற கரை அது. ஆனால் நடந்து போகிற தூரத்தில் இருப்பது களம் ஆகாதாம். களம் என்றால் பஸ் வேண்டும். பஸ் என்றால் ரபான் வேண்டும், பைலா வேண்டும், வாந்தி எடுக்க இரண்டு பிள்ளைகள் வேண்டும். பக்கத்துக் கடலுக்கு எந்தப் பெற்றோர் காசு கட்டுவார்கள்?

போவதற்கு முதல்நாள் இரவு மகள் மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். ‘முடிவுரை’ என்று அடிக்கோடு போட்டிருந்தாள்.

“நாளைக்குத்தானே பிள்ளை போறீங்கள். இண்டைக்கே முடிவுரை எழுதியாச்சோ?”

“போயிட்டு வந்தா களைப்பா இருக்கும் அப்பா. ரீச்சர்தான் முதலே எழுதி வைக்கச் சொன்னவ. சாதகம் அஞ்சு, பாதகம் அஞ்சு. வேற ஒண்டும் இல்லை.”

சாதகம்: அந்நியச் செலாவணி, வேலைவாய்ப்பு, உட்கட்டமைப்பு விருத்தி, கைப்பணிப் பொருட்களுக்குச் சந்தை, கலாசாரப் பரிமாற்றம். பாதகம்: சூழல் மாசடைதல், விலைவாசி உயர்வு, போதைப்பொருள், சிறுவர் துஷ்பிரயோகம், கலாசாரச் சீரழிவு. நானும் பரீட்சைக்கு இதையேதான் எழுதினேன். கலாசாரம் ஐந்தாவது வரியில் பரிமாறப்படுவதும் பத்தாவது வரியில் சீரழிவதும் எப்படி என்று அன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. முடிவு முதலே தெரிந்த பிறகு கடலிடம் போய் என்ன கேட்பது? வருகையைப் பதிந்துவிட்டு வரலாம்.

போன இடத்துக் கதையை மகள்தான் சொன்னாள். பஸ் பெரேலியவில் நின்றதாம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களோடு ‘சமுத்திர தேவி’ ரயிலைக் கடல் புரட்டிப்போட்ட இடம். பத்து நிமிடம் தந்தார்கள். ஐந்து நிமிடம் படம் எடுப்பதற்கு, மிச்சம் பக்கத்துக் கடையில் அன்னாசித் துண்டு வாங்குவதற்கு. வினாக்கொத்தில் சுனாமி பற்றிய கேள்வி இல்லை. அது வேறு அலகில் வருகிறது.

ஹிக்கடுவையில் பிள்ளைகள் கடலாமைக்குப் பாசி கொடுத்தார்கள். ஆமையும் பாவம், காலையிலிருந்து தின்றுகொண்டே இருந்ததாம். கண்ணாடி அடி வைத்த வள்ளத்தில் பவளப்பாறை பார்த்தார்கள். அந்தக் கடல் 1979இல் சரணாலயம் ஆனது, 2002இல் தேசியப் பூங்கா ஆனது. பட்டம் இரண்டு கிடைப்பதற்கு இடையில், 1998இல் கடல் சூடேறிப் பவளத்தில் பெரும்பகுதி வெளிறிச் செத்தது. அதற்கு முந்திய பல காலம் அந்தக் கரையோரம் முழுவதும் பவளத்தை உடைத்துச் சூளையில் இட்டுச் சுண்ணாம்பாக்கி எங்கள் வீட்டுச் சுவர்களில் பூசினோம். அதாவது பிள்ளைகள் எண்பது கிலோமீற்றர் போய்த் தேடிய பவளத்தில் கொஞ்சம் அவர்களுடைய வகுப்பறைச் சுவரிலேயே இருந்திருக்கலாம்.

வள்ளக்காரரிடம் ‘உமது மாத வருமானம் யாது?’ என்று சிங்களத்தில் மொழிபெயர்த்துக் கேட்டிருக்கிறாள் ஒருத்தி. அவர் சிரித்துக்கொண்டு, “உங்கட அப்பாவின்ட சம்பளம் எவ்வளவு மகள்?” என்று திருப்பிக் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. பிள்ளை வினாக்கொத்தில் எழுதியது: ‘தகவலாளர் ஒத்துழைக்கவில்லை’.

அடுத்து, உல்லாசப் பிரயாணிகள் பத்துப் பேரைப் பேட்டி காணவேண்டும். குடை நிழலில் கறுப்புக் கண்ணாடியோடு சாய்ந்திருந்த ஒரு பெண்மணியிடம் மகளின் குழு இங்கிலிசில் தட்டுத்தடுமாறியிருக்கிறது. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “எந்தப் பள்ளிக்கூடம் பிள்ளையள்?” என்றாராம். ஸ்காபரோவிலிருந்து வந்தவர். பிள்ளைகளுக்கு ஒரே குழப்பம். நாடு: கனடா. மொழி: தமிழ். ஆசிரியை வந்து பார்த்துவிட்டு அந்தத் தாளை வெட்டிவிட்டார்: “இவ உல்லாசப் பிரயாணி இல்லை, எங்கட ஆள். வெள்ளைக்காரரைப் பிடியுங்கோ.”

இந்த இடத்தில்தான் எனக்குச் சிரிப்பு நின்றது.

1983 ஜூலைக் கலவரத்தில் இரத்மலானை விமான நிலையக் கொட்டகைக்குள் ஆயிரக்கணக்கான தமிழர் அடைந்து கிடந்தார்கள். பிறகு கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போனார்கள். அங்கிருந்து எத்தனை பேர் கடல் தாண்டினார்கள் என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். அன்றைக்கு அவர்களை எந்தத் திணைக்களமும் பிரயாணிக் கணக்கில் சேர்க்கவில்லை. இன்றைக்கு அதே ஆள் வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு கட்டுநாயக்கவில் இறங்கினால் சுற்றுலாத்துறை அவரை எண்ணிக்கொள்கிறது. 2018இல் 23 இலட்சம் பேர், 2024இல் 20 இலட்சம் பேர் என்று அமைச்சர்கள் மார்தட்டும் தொகைக்குள் அவரும் இருக்கிறார். அகதியாகப் போனவர் உல்லாசமாகத் திரும்பியிருக்கிறார் என்று அரசாங்கம் நம்புகிறது. புவியியல் பாடமோ அவரை வெட்டிவிடுகிறது.

வெட்டினால் தாக்கம் இல்லாமல் போகுமா? ஓகஸ்ட் மாதம் வெள்ளவத்தைக்கு வாருங்கள். கடற்கரையோரம் மாடிமேல் மாடி. நாள் வாடகைக்கு அறை. கல்யாண மண்டபக்காரர் விலையை ரூபாயில் சொல்லும்போதே பவுணில் யோசிப்பது முகத்தில் தெரியும். லண்டன் மாமா வந்தால் மீன்காரனுக்கு எப்படித்தான் தெரிகிறதோ, பாரைமீனின் விலை தானாக ஏறுகிறது. மூன்று வாரத்துக்கு வருகிறவர் கொடுக்கிற காசைப் பன்னிரண்டு மாதமும் இருக்கிறவனிடம் வீட்டுக்காரர் எதிர்பார்க்கிறார். பாதகம் இரண்டு, விலைவாசி உயர்வு. மனப்பாடம் செய்த வரி வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. ஆனால் அதற்கு வினாக்கொத்து இல்லை, ஏனென்றால் அதில் நாமும் ஒரு தரப்பு.

ஆசிரியையை மட்டும் திட்டிக்கொண்டிருந்தால் அது கோழைத்தனம். நாற்பத்தைந்து பிள்ளைகள், ஒரு தவணை, நிரப்பவேண்டிய படிவம் ஒரு கட்டு. அவர் என்ன செய்வார்? முடிவுரையை முதலில் எழுதிவிட்டுக் களத்துக்குப் போகும் வித்தையை இந்த நாட்டில் அவரைவிடப் பெரியவர்கள் செய்கிறார்கள், புள்ளி குறையாமல்.

2020ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். கொரோனாவால் மார்ச் 19ஆம் திகதியோடு வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்திறங்குவது நின்றுபோனது. மீண்டும் உல்லாசப் பிரயாணிகளுக்குக் கதவு முழுமையாகத் திறந்தது 2021 ஜனவரி 21ஆம் திகதி. கொழும்பில் மே கடைசி மட்டும் ஊரடங்கு. பாண் வாங்கப் போனவனையும் பொலிஸ் மறித்தது. நாங்கள் வீட்டுக்குள் கிடந்த அந்த நாட்களில்தான் இரத்மலானைக்கு அப்பால் கடலடியிலிருந்து மணலை உறிஞ்சிக் கல்கிசைக் கரையில் கொட்டினார்கள். களுத்துறை கலிடோ கடற்கரை, கல்கிசை, இரத்மலானை எல்லாம் சேர்த்து 890 மில்லியன் ரூபாய்த் திட்டம். அரிப்பைத் தடுக்கவாம், கடற்கரையை அகலமாக்கி அழகாக்கவாம். வந்து படுக்க ஒரு பிரயாணி இல்லாத நாட்டில் பிரயாணிக்குப் பாய் விரித்தார்கள்.

விரித்த நேரத்தைப் பாருங்கள். தென்மேல் பருவக்காற்று மே மாதம் மூளும், மேற்குக் கரையில் அலை உயரும், கரை ஒடுங்கும். காற்று அடங்கிய பிறகு மணல் மெல்ல மெல்லத் திரும்பிவரும். இதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை எழுதாவிட்டால் புள்ளி வெட்டுவோம். மணல் கொட்டிய திணைக்களத்துக்கு யார் வெட்டுவது? காற்று மூண்டது. மேடு கரைந்தது. புதுமணலின் விளிம்பைக் கத்தியால் சீவியதுபோலக் கடல் சீவிக்கொண்டு போன படங்களை நாடே பார்த்தது. கேட்டதற்கு வந்த விளக்கம் என்ன? மணல் எங்கும் போகவில்லை, கடலுக்கடியில்தான் இருக்கிறது, இது எதிர்பார்த்ததுதான்.

உண்மையைச் சொன்னால், அந்த விளக்கத்தில் விஞ்ஞானம் இருக்கிறது. கொட்டிய மணலை அலை இழுத்துக் கடலடியில் பரப்புவது எந்த நாட்டிலும் நடக்கும். அந்த அடிமேடு அலையின் வேகத்தைக் கொஞ்சம் உடைக்கவும் செய்யும். சரி. எதிர்பார்த்தீர்கள் என்றால் கொட்டுவதற்கு முதல் ஏன் சொல்லவில்லை? பருவக்காற்று போனபிறகு கொட்டினால் என்ன கெட்டுவிடும்? மணல் கடலடியில் இருப்பதுதான் நோக்கம் என்றால், அது முதலிலேயே அங்கேதானே இருந்தது! எடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே அதைத் திரும்பக் கொண்டுபோய் வைக்க 890 மில்லியன். கடல் அந்த வேலையைக் காசு வாங்காமல் செய்தது.

தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவே அங்குலானைப் பக்கம் குடியிருப்பவர்களிடம் யாராவது கேட்டிருந்தால் காற்றின் திகதியைச் சொல்லியிருப்பார்கள். அடுப்புவரை தண்ணீர் வந்த வருடங்களை அவர்கள் பிள்ளைகளின் வயதை வைத்துச் சொல்வார்கள். 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டப்படி உயர் அலைமட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் கரையோர வலயம். அந்த முந்நூறு மீற்றருக்குள் ஹோட்டல் நின்றால் அதற்குப் பெயர் முதலீடு. தகரக் கொட்டில் நின்றால் அத்துமீறல். அலை வந்து ஹோட்டலின் நாற்காலியைத் தொட்டால் கரையரிப்பு. கொட்டிலை இடித்தால் அனர்த்த நிவாரணத்துக்கு மனுப் போடச் சொல்வார்கள்.

அடுத்த வருடமே கடல் இன்னொரு பாடம் எடுத்தது. 2021 மே 20ஆம் திகதி கொழும்புக்கு அப்பால் ‘எக்ஸ்பிரஸ் பேர்ள்’ கப்பல் தீப்பிடித்து, ஜூன் 2ஆம் திகதி மூழ்கத் தொடங்கியது. அதிலிருந்த 1,680 தொன் அளவான பிளாஸ்டிக் மணிகள் சவ்வரிசி போலக் கரையெங்கும் ஒதுங்கின. பாதுகாப்பு உடுப்புப் போட்டவர்கள் சல்லடையால் மணலை அரித்தார்கள். முதல் வருடம் கொட்டிய மணலை மறு வருடம் அரிக்கிற நாடு வேறெங்கே இருக்கிறது? மீன்பிடி தடைப்பட்டது, மீன் தின்ன ஆட்கள் பயந்தார்கள். 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் கப்பல் தரப்பை ஒரு பில்லியன் டொலர் நட்டஈடு கட்டச் சொன்னது. கரைவலை இழுக்கிறவன் கைக்கு அதில் எத்தனை சதம் வரும் என்பதுதான் எனக்குக் கள ஆய்வு.

மகளின் செயற்றிட்டத்துக்கு இருபதுக்குப் பதினெட்டுப் புள்ளி வந்தது. குறைந்த இரண்டுக்கும் காரணம் சிவப்பு மையில் இருந்தது. பாதகத்தில் ஆறாவதாக அவள் தானாக ஒன்று சேர்த்திருந்தாள்: ‘எங்கள் வகுப்பு சாப்பிட்டுவிட்டுக் கடற்கரையில் போட்ட லன்ச் ஷீட் 38. நான் எண்ணினேன்.’ அந்த அறிக்கை முழுவதிலும் களத்தில் போய் எண்ணி எழுதிய எண் அது ஒன்றுதான். அதன்மேல் ஒரு கோடு. பக்கத்தில், ‘தலைப்புக்குப் புறம்பானது’.

ஆசிரியர்களே, அடுத்த வருடம் பஸ் பிடிக்க வேண்டாம். இரத்மலானையில் ரயில் ஏறி அடுத்த தரிப்பில், அங்குலானையில் இறங்குங்கள். நிலையத்துக்கு எதிரே கடல். ஒரு அளவுநாடா, ஒரு கொப்பி, தண்டவாளத்திலிருந்து அலை விளிம்புவரை அளக்க இரண்டு பிள்ளைகள். ஜனவரியில் ஒரு தடவை, ஜூலையில் ஒரு தடவை. முடிவுரைக்கு ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டுவிட்டுப் போங்கள். வந்த எண்களில் ஒரு பிரதியைத் திணைக்களத்துக்கும் அனுப்புங்கள். மணல் கொட்டுவதற்கு முதல் அவர்களுக்கு உதவும். சோற்றுப் பார்சல் தேவையில்லை, மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிடலாம்.