இதர இனங்கள்

தெருவுக்கு ஒரு பிள்ளையார் கோயில் இருப்பதுபோல் தெருவுக்கு ஒரு ஃபிரிட்ஜ் அதிகாரியும் இருக்கிறார். ரிட்டயர் ஆன ஆண்பிள்ளை, வெந்நீர் வைக்கத் தெரியாதவர். அடுப்புப் பக்கம் போனால் வீட்டம்மா விரட்டுகிறாள், மிக்ஸியைத் தொட்டால் மூடி பறக்கிறது. வீட்டில் அவருக்கென்று காலியாக இருக்கும் ஒரே சீட் ஃபிரிட்ஜ்தான். திறந்தால் விளக்கு எரிகிறது, முகத்தில் ஏ.சி. காற்று அடிக்கிறது, உள்ளே தட்டுத் தட்டாக நிலுவை. வேறென்ன வேண்டும்?

எங்கள் குடும்பத்தில் அந்தப் பதவி பெரியப்பாவுக்கு. தாலுகா ஆபீஸில் 34 வருஷம் இருந்தவர். அரசு ஓய்வு வயதை 2020-இல் 58-லிருந்து 59 ஆக்கி, 2021-இல் 60 ஆக்கியபோது வேலை தேடும் பிள்ளைகள் வயிறெரிந்தார்கள். பெரியம்மாவைப் பொறுத்தவரை அது ஒரு மகளிர் நலத் திட்டம். மீனாட்சிக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள்.

அந்த 60-ம் முடிந்தது. முதல் வாரம் தூங்கினார். இரண்டாம் வாரம் பேப்பரை வரி விளம்பரம் விடாமல் படித்தார். மூன்றாம் வாரம் திங்கட்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, அதாவது ஆபீஸ் போய்ச் சேரும் அதே நேரத்துக்கு, ஃபிரிட்ஜைத் திறந்தார்.

உள்ளே ஐஸ்கிரீம் டப்பா மூன்று, எதிலும் ஐஸ்கிரீம் இல்லை. பீட்சாவோடு வந்த மிளகாய்ப் பொட்டலம் ஒரு மாமாங்கத்துக்கு ஆகும். ஃப்ரீசரில் மருதாணிக் கோன்; அக்கா கல்யாணத்துக்கு வாங்கியது, அக்காவின் பிள்ளை இப்போது இரண்டாம் வகுப்பு. பழனி பஞ்சாமிர்தம் டப்பா ஒன்று, அடியில் ஒரு ஸ்பூன் மிச்சம். பிரசாதம் என்பதால் கொட்டத் துணிவில்லை. எந்த வருஷத்துப் பிரசாதம் என்று தெரியாததால் தின்னவும் துணிவில்லை.

"இது என்ன?"

"நேத்து வத்தக்குழம்பு."

"இது?"

"முந்தாநாள் வத்தக்குழம்பு."

"ரெண்டையும் ஒண்ணா ஊத்தி வைக்கக் கூடாதா?"

பெரியம்மா பதில் சொல்லவில்லை. வடாம் பொரித்துக்கொண்டிருந்த கரண்டியை மட்டும் ஒரு கணம் நிறுத்தினாள்.

அரசு அலுவலகத்தில் முடிந்த கோப்பை அப்படியே தூக்கிப் போட்டுவிட மாட்டார்கள். மேலே ஓ.மு. என்று போட்டால் ஓராண்டு காப்பாற்ற வேண்டும், மூ.மு. என்றால் மூன்றாண்டு, ப.மு. என்றால் பத்தாண்டு. பெரியப்பா ஆண்டை நாளாக மாற்றிக்கொண்டார். ரசம் ஓ.மு., சாம்பாரும் பொரியலும் மூ.மு., புளிக்காய்ச்சல் ப.மு. ஊறுகாய்க்கு நிரந்தரம். ஒவ்வொரு டப்பாவிலும் வெள்ளைத் தாள் ஒட்டி, சிவப்பு மையில் எழுதினார்: 'ந.க. 14/அ2, கத்திரிக்காய்க் கொத்சு, மூ.மு.' எந்த வகையிலும் அடங்காதவற்றுக்காகக் கீழே ஒரு தட்டை ஒதுக்கி 'இதர இனங்கள்' என்று பெயர் வைத்தார். பஞ்சாமிர்தமும் மருதாணியும் அங்கே போயின.

அவர் செய்தது அத்தனையும் கோமாளித்தனம் என்று சொன்னால் பாவம். கதவுத் தட்டுதான் ஃபிரிட்ஜிலேயே வெப்பம் கூடிய இடம், திறக்கத் திறக்க அங்கேதான் வெளிக்காற்று அடிக்கிறது. ஆகவே பாலை உள்ளே தள்ளினார், சாஸ் பாட்டிலைக் கதவுக்குக் கொண்டுவந்தார். சரிதான். உருளைக்கிழங்கைக் குளிரில் வைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாகி இனிக்கும் என்று வெளியே எடுத்தார். அதுவும் சரி. தக்காளி குளிரில் மணம் இழக்கும், வாழைப்பழம் தோல் கறுக்கும், எல்லாம் சரி. மல்லிகைச் சரத்தை டப்பாவில் போட்டு மூடி, பால் பக்கத்திலிருந்து பிரித்து வைத்தார். அன்றோடு அந்த வீட்டுக் காபியில் மல்லிகை வாசம் போய்விட்டது. எனக்கென்னவோ அந்தக் காபிதான் பிடித்திருந்தது. மதுரையைத் தவிர வேறெங்கே அது கிடைக்கும்?

வினை தெர்மாமீட்டரில் தொடங்கியது. உள்ளே 4 டிகிரி இருக்க வேண்டும் என்று எங்கோ படித்துவிட்டு ஒன்றை வாங்கி நடுத்தட்டில் தொங்கவிட்டார். நாளுக்கு ஆறு வேளை பதிவேட்டில் ஏற்ற வேண்டும். கதவைத் திறப்பார், கண்ணாடியைத் தேடுவார், அது நெற்றியில் இருப்பதைக் கண்டுபிடிப்பார், குனிந்து படிப்பார். அதற்குள் அது 7-க்கு ஏறியிருக்கும். 7 என்று எழுதிவிட்டுக் குரல் கொடுப்பார்: "யாரு இதைத் திறந்து திறந்து மூடுறது?" ஃபிரிட்ஜ் பீப் பீப் என்று கத்தும். அதைப் புகார் மனுவாக அவர் எடுத்துக்கொள்ளவில்லை. கதவு ரப்பரில்தான் கோளாறு என்று பத்து ரூபாய் நோட்டை இடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தார். நோட்டு வரவில்லை, ரப்பர் நன்றாகத்தான் இருந்தது. நோட்டுதான் பாதி வந்தது.

பிறகு மாவு. ஆட்டிய இட்லி மாவை பெரியம்மா எப்போதும் இரண்டு தூக்கில் அரை அரையாக வைப்பாள். அரைத் தூக்கு காலியாகக் கிடப்பது ஆக்கிரமிக்கப்படாத புறம்போக்கு மாதிரி பெரியப்பாவின் கண்ணை உறுத்தியது. ஒரே தூக்கில் கழுத்துவரை ஊற்றி, மூடியை அழுத்தி, மேல்தட்டில் வைத்துவிட்டுப் படுத்தார். குளிரில் மாவு புளிப்பது மெதுவாகுமே தவிர நிற்காது. அந்த நுண்ணுயிர்களுக்கு ஓய்வு வயது கிடையாது. அதுவும் ஆட்டிய சூடு ஆறாத மாவு. விடிகாலையில் பார்த்தால் மூடி ஒரு மூலையில், மாவு மூன்று தட்டு இறங்கிக் காய்கறி டிராயரில் தேங்கி நிற்கிறது. லேபிள் அத்தனையும் ஊறி உரிந்து, சிவப்பு மை கரைந்து, இதர இனங்கள் தட்டில் ஒரு கூழ்.

துடைத்து முடித்தபின் தரையில் பதினேழு டப்பா வரிசையாக நின்றன. எதில் என்ன என்று பதிவேட்டில் இருந்தது. எந்த டப்பா எது என்பது லேபிளோடு போயிருந்தது. பெரியம்மா மூடியைக்கூடத் திறக்கவில்லை. விளிம்பு உடைந்த ஐஸ்கிரீம் டப்பா, தேங்காய்த் துருவல். ஹார்லிக்ஸ் பாட்டில், புளிக்காய்ச்சல். நசுங்கிய எவர்சில்வர் சம்புடம், சின்ன மகளுக்கு அனுப்ப வேண்டிய பருப்புப் பொடி. "பொடியை யாருங்க உள்ள வச்சது?" என்று மட்டும் கேட்டாள்.

போன மாதம் போயிருந்தேன். லேபிள் மறுபடி வந்திருக்கிறது, இந்த முறை பிளாஸ்டிக் உறை போட்டு. மேல்தட்டு 'இதர இனங்கள் - 1', நடுத்தட்டு 'இதர இனங்கள் - 2', காய்கறி டிராயர் 'இதர இனங்கள் (பச்சை)'. கதவில் பஞ்சாமிர்த டப்பா தனியாக இருந்தது. அதில் மட்டும் பெரியப்பாவின் கையெழுத்து, தேதியோடு: 'மேலிட உத்தரவுக்காக நிலுவை.'