மணி நாக்கைக் கழட்டாதே, பேராண்டி!

வாடா, பெங்களூர் துரை! மாரிக்குப்பம் ரயில்ல நின்னுக்கிட்டே வந்தியா? மூஞ்சி இன்னாடா ரெண்டு ஷிப்டு சேர்த்துப் பார்த்தவனாட்டம் தொங்குது? ஓ, கிராபிக்ஸ் சில்லு ஹேங் ஆவுதா? உக்காரு, டீயைக் குடி. கோலார் தங்கச் சுரங்கத்து சாம்பியன் ரீஃப்ல கூண்டு இழுக்கிற இஞ்சின் பக்கத்துலயே தலை நரைச்சவன் நான். என்கிட்ட கேக்காம யாரண்ட கேப்பே?

மூணு கிலோமீட்டருக்கும் கீழே ஆளுங்க வேலை செஞ்சுக்கினு இருப்பாங்க. மேல நிக்கிற எனக்குக் கண்ணுக்குக் கயிறு, காதுக்கு மணி, அவ்ளோதான். உன் டிரைவர் பொழப்பும் அதானே? வேலையை உள்ளே அனுப்புது, முடிச்சா ஒரு நம்பரை எழுதி வைன்னு சொல்லுது. நம்பர் ஏறினா ஆள் நல்லாகீறான். ஏறலைன்னா?

உடனே ஒப்பாரி வெக்காதே, கண்ணு. 1965-ல நம்ம சுரங்கத்து ஆழத்துலதானே நியூட்ரினோவைப் புடிச்சாங்க! அந்தக் கருவிங்க முக்கால்வாசி நேரம் கம்முனுதான் கெடந்துச்சுங்க. சத்தமே காணோம்னு எவனாச்சும் சுவிட்சை அணைச்சிருந்தா, நாம பீத்திக்க இன்னா இருந்திருக்கும்? கம்முனு இருக்கிறவன் எல்லாம் செத்தவன் இல்லை.

போன வாரம் இதே திண்ணையில நீ சொன்னதுதான், மறந்துட்டியா? இன்டெல் சில்லுக்கு லினக்ஸ்ல பழைய காவக்காரன் ஒருத்தன் இருந்தான். ஒன்றரை செகண்டுக்கு ஒருவாட்டி எட்டிப் பார்ப்பான். கட்டளை வரிசையில தலை நகருதா? நகரலைன்னா, பக்கத்து எஞ்சின் முடிக்கட்டும்னு காத்துக்கினு கீதா? இதெல்லாம் கேட்டுட்டுத்தான் ஹேங்குன்னு எழுதுவான். இப்போ நாடி புடிக்கிறாங்க. ரெண்டரை செகண்டுக்கு ஒரு குட்டி வேலை உள்ளே போவும். பதில் வரலைன்னா அதே வேலைக்கு அவசரத்தைக் கூட்டுவாங்க. அதுக்கும் அசையலைன்னாதான் ரீசெட். அதுவும் மாட்டிக்கின எஞ்சினுக்கு மட்டும் பண்ணப் பாப்பாங்க. ஒருத்தன் தப்புக்கு ஷிப்டையே வூட்டுக்கு அனுப்புவாங்களா?

விண்டோஸ்காரன் விஸ்டா காலத்துலேர்ந்து ரெண்டு செகண்டு கெடு வெச்சுக்கினு கீறான். அதுக்குள்ள சில்லு கையில இருக்கிற வேலையை விட்டுக் கொடுக்கலைன்னா உலுக்கி எழுப்புவான். ஒரு நிமிஷத்துல அஞ்சு வாட்டிக்கு மேல போச்சுன்னா நீலத்திரையை இழுத்து மூடிடுவான்.

நீ இன்னா பண்ணே? ரெண்டை அறுபதாக்கிட்டு, "சரியாப் போச்சு தாத்தா"ன்னு இளிக்கிறே. மணிச் சத்தத்துல தூக்கம் கெடுதுன்னு மணி நாக்கைக் கழட்டி இடுப்புல சொருகிக்கினவன் மாதிரி! ரீசெட் பண்றதுக்கு முன்னாடி, எங்கே மாட்டிக்கிச்சுன்னு டிரைவர் ஒரு ஃபைல்ல எழுதி வெக்குமே, அதைத் தொறந்தியா? தொறந்திருக்க மாட்டே. பாறை எங்கே வெடிச்சுதுன்னு பார்க்காம கல்லை மட்டும் வாரிப் போட்டா, அடுத்த வெடிப்பு வாரினவன் தலையிலதாண்டா.

2001 பிப்ரவரி 28-ல நம்ம சுரங்கம் ஹேங் ஆச்சு. நேத்து வரைக்கும் எழுப்ப ஒருத்தனும் வரலை. அந்த டைமரையும் உன்னை மாதிரி ஒரு புத்திசாலிதான் அறுபதாக்கி வெச்சிருப்பான். போ, மொதல்ல ரெண்டுக்கு மாத்து. அப்புறமா அந்த ஃபைலைப் படி.