சும்மா வருது மாப்ள, கைய நீட்டு!

வா மாப்ள, இஞ்ச வந்து இப்புடி ஒக்காரு. போனைக் கீழ வைக்க வேணாம், கையிலேயே இருக்கட்டும். வெடிஞ்சதுலேருந்து நீ அந்தக் கண்ணாடியைப் பாக்குற நேரத்துல பாதி நேரம் வாய்க்கா மடையைப் பாத்திருந்தீன்னா, ஒங்கப்பன் எங்கிட்ட வந்து பொலம்பியிருக்க மாட்டாரு.

ஏர்டிராப்பாமே? ஏதோ டோக்கனாம், கிளைம் பண்ணுனா ஆயிரக்கணக்குல வருமாம், இன்னிக்கி ராத்திரி பன்னண்டு மணியோட கதவைச் சாத்திருவானாம். ஒங்கம்மா சொன்னா. கொடுத்து வச்ச புள்ள நீ. கொள்முதல் நிலையத்து வாசல்ல நெல்லைக் கொட்டிட்டு, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல நிக்கிதுன்னு, தார்ப்பாயைப் போத்தி ராவும் பகலும் காவ காத்திருக்கோம். சும்மா தர்றேன்னு ஒரு மகராசன்கூட அந்தப் பக்கம் தலைகாட்டுனதில்ல. ஒனக்குன்னா மட்டும் எந்தத் தேசத்து ஆளோ, ஊரு பேரு தெரியாதவன், பாயில படுத்துக் கெடக்குற ஒன்னைத் தேடிப் புடிச்சு வர்றான்.

கெழவனுக்கு என்னா தெரியும்னு சிரிக்காத. எம்பேத்தி பெங்களூருல கம்ப்யூட்டரு வேலை பாக்குறா. ஆகஸ்ட் 29 மாதா கோயில் கொடியேத்தத்துக்கு வந்தவ, செப்டம்பர் 8 பெருவிழா முடிஞ்சுதான் ரயிலேறுனா. காவி உடுத்தி நடந்து வந்த சனம் மெழுகுவத்தியும் தென்னங்கன்னுமா நிக்கிது, கடக்கரையில கால் வைக்க எடமில்ல. நாங்க ரெண்டு பேரும் வறுத்த மீன் கடை பெஞ்சுல ஒக்காந்து இதைத்தான் பேசிக்கிட்டிருந்தோம். அவ சொன்னதுல பாதிதான் எனக்குப் புரிஞ்சிது. ஒனக்கு அந்தப் பாதியே அதிகம்.

மொதல்ல நல்லதைச் சொல்லிர்றேன். சும்மா கொடுத்ததும் உண்டு, பொய்யில்ல. 2020 செப்டம்பர்ல யூனிஸ்வாப்புங்கிற கிரிப்டோ மாத்துற தளம், அதுக்கு முன்னாடி ஒரு தடவையாச்சும் அங்க வந்து பொழங்குன கணக்குக்கெல்லாம் கொறஞ்சது 400 யூனி டோக்கன் கொடுத்துச்சு. அன்னைக்கி வெலைக்கு ஏறத்தாழ 1,200 டாலர். யாரும் விண்ணப்பம் போடல, யாரும் பணம் கட்டல. அந்த ஒரு கதையைச் சொல்லித்தான் இன்னை வரைக்கும் ஊரு ஒலகம் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கிது. ஆனா அவங்க கொடுத்தது ஏற்கெனவே பொழங்குனவனுக்கு. நீ அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாத்ததில்ல. அப்பறம் ஒம்மேல மட்டும் ஏன் அவனுக்கு அம்புட்டுக் கருசனம்?

நீ பொழங்குனது எதுன்னு எனக்குத் தெரியும். 2024-ல டெலிகிராமுல ஒரு எலிக்குட்டி வெளையாட்டு வந்துச்சே, ஹாம்ஸ்டர் கோம்பாட்டு. சாப்புடறப்பவும் தட்டுன, பஸ்ஸுலயும் தட்டுன, பூசை நடக்கயில பெஞ்சுக்கு அடியில வச்சும் தட்டுன. செப்டம்பர் 26-ந் தேதி டோக்கன் வந்துச்சு. வந்ததை எண்ணிப் பாத்துட்டு கொஞ்ச நாளு நீ யாருகிட்டயும் மொகங்கொடுத்துப் பேசல. போவட்டும், அதுல ஒனக்குத் தேஞ்சது கட்டை வெரலு மட்டுந்தான். இந்தத் தடவை அப்புடி இல்ல மாப்ள.

கிளைம்னு இருக்குற பொத்தானை அமுக்குனா டோக்கன் வந்து மடியில விழும்னு நீ நெனைக்கிற. அதை அமுக்குறப்ப நீ கையெழுத்துப் போடுற. வாங்குறது அதுக்கு அப்பறந்தான், வந்தா.

இப்பக் காட்டு, அந்தப் பெட்டி எப்புடி வரும்னு பாப்போம். பொத்தானை அமுக்குன ஒடனே ஒன் வாலட்டு, மெட்டாமாஸ்க்கோ வேற எதுவோ, கீழேருந்து எட்டிப் பாக்குது. மேல எந்தத் தளம் கேக்குதுன்னு பேரு. அதுக்கடுத்து என்னா கேக்குதுன்னு ஒரு வரி. அடியில ரிஜெக்ட், கன்ஃபர்ம்னு ரெண்டு பொத்தான். ஒங்கண்ணு நேரா கன்ஃபர்முக்குப் போவுது பாரு! நடுவுல உள்ள வரியைத்தான் படிக்கணும். ‘அப்ரூவ்’னு இருந்தா, ஒங்கணக்குல உள்ள இன்ன டோக்கனை நான் எடுத்துக்கவான்னு அவன் கேக்குறான். அளவு ‘அன்லிமிட்டட்’னு இருந்தா, இப்ப இருக்குறதோட இனிமே வரப்போறதையும் சேத்து. ‘செட் அப்ரூவல் ஃபார் ஆல்’னு இருந்தா அந்த வகையில ஒங்கிட்ட உள்ளது அத்தனையும். ‘பெர்மிட்’னு ஒண்ணு உண்டு, அது இதுக்கெல்லாம் அப்பன். கட்டணம்னு ஒரு பைசா கேக்காது. சும்மா கையெழுத்துத்தானேன்னு போட்டுருவ. அதை வச்சுக்கிட்டு அவன் சாவகாசமா வந்து வழிச்சிக்கிட்டுப் போவான். ஒங்க தாத்தன் காலத்துல வெத்துப் பத்திரத்துல கைநாட்டு வாங்கிக்கிட்டு, மேல தனக்கு வேணுங்கிறதைப் பின்னாடி எழுதிக்கிட்ட புண்ணியவானுங்க உண்டு. அதே வேலைதான். கைநாட்டு வச்சவராச்சும் எழுதப் படிக்கத் தெரியாதவரு. நீ பி.காம்.

ஒனக்குக் கொடுக்க வந்தவனுக்கு, ஒங்கிட்டேருந்து எடுக்க எதுக்குடா அனுமதி? இந்த ஒரு கேள்வியைக் கேட்டுட்டு அப்பறம் வெரலை வை.

வெவரம் தெரியாதவன்தான் ஏமாறுவான்னு நெனைக்காத. 2022 ஜூலையில எழுவதாயிரத்துக்கும் மேல கணக்குக்கு யாரோ ஒரு டோக்கனை அனுப்பி வச்சாங்க. யூனிஸ்வாப்பே அனுப்புன மாதிரி பேரு. இது என்னா புதுசா இருக்கேன்னு தேடிப் போனவங்களை ஒரு போலித் தளத்துக்கு இழுத்துட்டுப் போயி, கிளைம் பண்ணுங்கன்னு கையெழுத்து வாங்கிட்டானுங்க. போனது சுமார் 80 லட்சம் டாலர். அதுல பெரும்பகுதி பெருந்தொகை போட்டுப் பொழங்குற ஆளுங்களோடது, ஒன்ன மாதிரி எலி தட்டுனவங்களோடது இல்ல. அதனால கேக்காம கணக்குல வந்து ஒக்காந்திருக்குற டோக்கனைக் கண்டா அதைத் தொடாத, விக்கப் பாக்காத, அதுல எழுதியிருக்குற தளத்துக்குப் போவாத. அது பாட்டுக்குக் கெடக்கட்டும்.

இப்ப ஒனக்கு ஒரு நல்ல யோசனை சொல்றேன், தட்டாம செய்யி. வாலட்டு தொறந்தப்ப பன்னண்டு இங்கிலீசு வார்த்தை கொடுத்துச்சுல்ல, அதை அப்புடியே ஸ்கிரீன்ஷாட்டு எடுத்து கல்யாண போட்டோவோட போட்டு வை. டெலிகிராமுல ‘ஹெல்ப்டெஸ்க்’னு பேரு வச்சுக்கிட்டு ராத்திரி ரெண்டு மணிக்குச் சேதி போடுறானே, தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டு ஒனக்காக ஒழைக்கிற அந்த மனுசனுக்கும் ஒரு காப்பி அனுப்பிரு. ‘வெரிஃபை’ பண்ணணும்பான். பண்ணட்டும், பாவம்.

முழிக்கிற? முழிக்கணும். அந்த வார்த்தையெல்லாம் 2,048 வார்த்தை உள்ள பட்டியல்லேருந்து பொறுக்குனது. அது வரிசை மாறாம எவங்கையில இருக்கோ அவந்தான் அந்தக் கணக்குக்குச் சொந்தக்காரன். மறந்துட்டேன்னு போயி நிக்க பேங்கு மேனேசரு கெடையாது, திருடிட்டான்னு மாத்திக்கவும் முடியாது. தாளுல எழுதி, ஒங்கம்மா பட்டாவும் சிட்டாவும் வச்சிருக்குற டிரங்குப்பெட்டிக்குள்ள வை. அந்தப் பெட்டியைத் தொறக்க ஒங்கப்பனுக்கே தைரியம் கெடையாது. நெசமான தளம் எதுவும் டோக்கன் கொடுக்க அந்த வார்த்தையைக் கேக்காது. கேட்டான்னா அந்த நிமிசமே பொட்டியைக் கட்டிக்கிட்டு வந்துரு.

இன்னொரு கூத்து உண்டு. ஒனக்கு 40,000 ரூவா டோக்கன் ஒதுக்கியாச்சு, ‘கேஸ்’ கட்டணம் 2,000 மட்டும் இந்த ஜிபே நம்பருக்குப் போட்டுரு, ஒடனே வந்துரும்பான். கேஸ்ங்கிறது நீ பரிவர்த்தனை பண்றப்ப ஒன் வாலட்டுலேருந்தே அந்தப் பிளாக்செயினுக்குப் போற கூலி. அது எந்த மனுசனோட ஜிபேக்கும் போவாது. எம்பேத்தி இதைச் சொன்னப்பதான் எனக்கு ஆருத்ரா ஞாபகம் வந்துச்சு. மாசத்துக்கு லட்சத்துக்கு முப்பதாயிரம்னு ஆசை காட்டி, லட்சம் பேருக்கு மேல இருந்து 2,438 கோடி வாங்குனதா போலீசு கணக்குச் சொன்ன அதே சென்னை கம்பெனி, 2022-ல. அதுக்குப் பத்து வருசத்துக்கு முன்னாடி பெருந்துறையில ஈமுக்கோழி வளப்புன்னு காசு வாங்குன மோசடி. அப்பல்லாம் கோழியாச்சும் கண்ணு முன்னாடி மேஞ்சிது. அடிச்சித் திங்கலாம்னு ஒரு ஆறுதல் இருந்துச்சு.

சரி, ஆசையைக் கெடுக்க மாட்டேன். வாங்குறதுன்னா வாங்கு. எவன் அனுப்புன லிங்க்கு வழியாவும் போவாத, அட்மின் அனுப்புனாலும் சரி, ஒஞ் சேத்தாளி அனுப்புனாலும் சரி. கூகுள்ல மொதல்ல வர்றது காசு கொடுத்துப் போட்ட வெளம்பரமா இருக்கும், அதுவும் வேணாம். அந்தத் திட்டத்தோட சொந்தத் தளம் எதுன்னு ரெண்டு மூணு எடத்துல ஒப்பிட்டுப் பாத்துட்டு நீயே எழுத்து எழுத்தா அடி. 2023 மார்ச் 23-ல ஆர்பிட்ரம் டோக்கன் கொடுத்தப்ப, ஒரு எழுத்து முன்னப்பின்ன மாத்தி வச்ச போலித் தளமா மொளைச்சுக் கெடந்துச்சு. அன்னைக்கே எடுக்கலன்னா போயிரும்னு சனம் முண்டியடிச்சதுல நெசத் தளமே படுத்துருச்சு. ஆனா ஆர்பிட்ரம் கொடுத்த கெடு ஆறு மாசம். ஒனக்கு மட்டும் பன்னண்டு மணி!

புதுசா ஒரு வாலட்டு தொற. அதுல கேஸுக்கு வேண்டியதை மட்டும் போடு, வேற காசு இருக்கக் கூடாது. கையெழுத்துத் தப்பாப் போனாலும் அந்தச் சில்லறைதான் போவும். பழைய கணக்குல பொழங்குனதுக்குன்னு கொடுக்குறதா இருந்தா அந்தக் கணக்குலதான் வாங்க முடியும். அப்ப அதுல உள்ள மத்ததை மொதல்ல வேற வாலட்டுக்கு மாத்திட்டு அப்பறம் போ. வாங்கி முடிச்சதும் ‘டிஸ்கனெக்ட்’ அமுக்கிட்டு நிம்மதியா படுத்துராத. அது வாசக்கதவைச் சாத்துறதுதான், கொடுத்த அனுமதி அப்புடியே உசுரோட இருக்கும். ‘ரிவோக்’ பண்ணணும், அதுக்குத் தனியா கேஸ் ஆகும், கஞ்சத்தனம் பாக்காத.

வாலட்டே வேணாம் மாமா, எக்ஸ்சேஞ்சுல போட்டு வைக்கிறேங்கிறியா? 2024 ஜூலை 18-ல வசீர்எக்ஸ்லேருந்து சுமார் 23 கோடி டாலர் களவு போச்சு. ஒரு அம்மா அங்க 3,532 எக்ஸ்ஆர்பி வச்சிருந்தாங்க. களவு போனது வேற டோக்கன், ஆனா பூட்டு இவங்க கணக்குக்கும் சேத்து விழுந்துச்சு. அவங்க மெட்ராஸ் ஐகோர்ட்டு படியேறுனாங்க. 2025 அக்டோபர்ல நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோவும் ஒரு சொத்துதான்னு தீர்ப்பு எழுதி, அந்தம்மாவுக்கு இடைக்காலப் பாதுகாப்பும் கொடுத்தாரு. நல்ல தீர்ப்பு. ஆனா தன்னோட சொத்தைத் தன்னோடதுன்னு சொல்லிக்க ஒரு வருசத்துக்கு மேல ஆயிருக்கு பாரு.

சொத்துன்னா வரியும் உண்டு, அதைச் சொல்ல மறந்துட்டேன். நெல்லு விக்கிறதுக்கு நம்ம வருமான வரி கட்டுறதில்ல. இதை வித்தா லாபத்துல 30 சதவீதம், அதுமேல செஸ்ஸு, 2022 ஏப்ரல்லேருந்து. அந்த வருசம் ஜூலையிலேருந்து விக்கிற தொகையில ஒரு சதவீதம் டிடிஎஸ். ஒண்ணுல விட்டதை இன்னொண்ணுல கழிக்கவும் விட மாட்டாங்க. சும்மா வந்ததுதானேன்னு மறைக்காத, ஆடிட்டருகிட்ட காட்டு. என்னைக்கி எந்தக் கணக்குல என்னா வெலைக்கு வந்துச்சுன்னு ஒரு நோட்டுல எழுதி வை. பி.காமுக்கு அதுக்காச்சும் வேலை வேணும்ல.

அம்புட்டையும் கேட்டுட்டு, நாளைக்கி நீ எப்புடியும் எதையாச்சும் அமுக்கத்தான் போற. ஒங்க வம்சம் தெரியாதா எனக்கு. பணம் போச்சுன்னா வெக்கப்பட்டுக்கிட்டு ஒளியாத. சைபர் குத்தப் புகாருக்குன்னு இருக்குற 1930-க்கு ஒடனே அடி. பேங்குலேருந்து, ஜிபேலேருந்து போன ரூவாயை முடக்கி வைக்கக் கொஞ்சமாச்சும் வாய்ப்பு உண்டு, நேரம் ஆவ ஆவ அது கொறையும். வாலட்டுலேருந்து போன டோக்கனைப் பேங்கு மாதிரி திருப்பி வாங்கித் தர எவனாலயும் ஆவாது. ‘நான் மீட்டுத் தர்றேன், கொஞ்சம் முன்பணம் மட்டும்’னு ஒருத்தன் வருவான். அவன் மொதத் திருடனுக்குப் பங்காளி, இல்லன்னா அவனேதான்.

இப்ப எங்கண்ணு முன்னாடியே அந்த 1930-ஐ போன்ல ஏத்து. என்னா பேருல போடட்டும்னு கேக்குதா? ‘மாமா’ன்னு போட்டுக்க.