சங்கை ஊதினவர்

‘செவிடன் காதில் ஊதின சங்கு மாதிரி’ என்று நாம் சலித்துக்கொள்ளும்போதெல்லாம் குற்றவாளிக் கூண்டில் நிற்பது காதுதான். சங்கை ஊதினவரை யாரும் விசாரிப்பதில்லை. கேட்காது என்று தெரிந்த காதைத் தேடிப் போய், மூச்சைப் பிடித்து, கன்னம் உப்ப ஊதிவிட்டு, “பாருங்க சார், அசையவே மாட்டேங்கறான்” என்று புகார் சொல்கிற மனிதரின் புத்தியைப் பற்றி அந்தப் பழமொழிக்கு ஒரு கருத்தும் இல்லை. உண்மையில் அவ்வளவு பக்கத்தில் ஊதினால் காற்றாவது காதில் பட்டிருக்கும். ஆள் திரும்பித்தான் பார்த்திருப்பார். ‘எதுக்கு?’ என்று கையை விரித்துக் கேட்டும் இருப்பார். அந்தக் கேள்வி ஊதினவருக்குப் புரிந்திருக்காது. காது கேட்பவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் நடுவே நடக்கும் கூத்துகளில் முக்கால்வாசி இப்படி ஊதுகிற பக்கத்தில்தான் உற்பத்தியாகிறது என்பது என் கட்சி.

இதை மறுக்க நினைப்பவர் நம் பக்கத்துக் கதை ஒன்றையே எடுத்து நீட்டலாம். முப்பது வருஷம் போலத் தென்னிந்தியாவில் வாழ்ந்த பிரெஞ்சுப் பாதிரியார் அபே துபுவா, இங்கே கிடைத்த கதைகளைத் தொகுத்து 1826-ல் பாரிஸில் வெளியிட்டார். அதில் பரமார்த்த குருவோடு கூட நான்கு செவிடர்களும் வருகிறார்கள். பசியெடுத்த இடையன் ஒருவன், ‘சாப்பிட்டுட்டு வரேன், ஆட்டைப் பார்த்துக்கோ’ என்று புல்லறுத்துக்கொண்டிருந்த தலையாரியிடம் சொல்கிறான். தலையாரிக்கும் காது கேட்காது. புல்லில் பங்கு கேட்கிறான் என்று நினைத்து, முடியாது போ என்கிறான். சாப்பிட்டுத் திரும்பிய இடையன், ஆடு குறையாததைப் பார்த்து மனம் குளிர்ந்து, நொண்டி ஆடு ஒன்றைப் பரிசாக நீட்டுகிறான். ‘இதன் காலை நான் ஒடிக்கவில்லை’ என்று தலையாரி குதிக்கிறான். பஞ்சாயத்துக்கு அழைக்கப்பட்ட குதிரைக்காரனும் செவிடு. குதிரை தன்னுடையதல்ல என்பதைத் தானே முன்வந்து ஒப்புக்கொள்கிறான். கடைசியில் வந்த பிராமணருக்கோ, மூன்று பேரும் சேர்ந்து தன்னைப் பெண்டாட்டியிடம் திரும்பிப் போகச் சொல்வதாகவே படுகிறது. செத்தாலும் போகமாட்டேன் என்கிறார்.

சிரித்து முடித்த பிறகு ஒன்றைக் கவனிக்க வேண்டும். நான்கு பேரில் ஒருவனாவது ‘எனக்குக் கேட்கவில்லை, கையால் காட்டு’ என்று சொன்னானா? இல்லை. ஆளுக்கொரு பயத்தை மடியில் கட்டிக்கொண்டு வந்து, எதிராளியின் வாய் அசைந்ததும் அதையே கேட்டார்கள். இது காதின் கோளாறு அல்ல. கேட்டுவிட்டோம் என்ற நிச்சயத்தின் கோளாறு. ராத்திரி எட்டு மணிக்கு எந்தச் செய்திச் சேனலைப் போட்டாலும் இதே கதையை, நல்ல காதுள்ள நான்கு பேரை வைத்து, இடையில் விளம்பரத்தோடு நடத்துகிறார்கள். நிஜமாகவே காது கேளாமல் வாழ்கிறவர்களிடம் இல்லாத குணம் அந்த நிச்சயம். ‘நான் சரியாகப் புரிந்துகொண்டேனா?’ என்ற சந்தேகம் அவர்களுக்கு மூச்சு மாதிரி. நமக்குத்தான் அது வருவதே இல்லை.

அந்த நிச்சயம் எவ்வளவு ஆதாரமற்றது என்பதற்கு உதட்டைப் படிக்கிற வித்தையை எடுத்துக்கொள்ளலாம். ‘அவங்களுக்கு வாயைப் பார்த்தே எல்லாம் புரிஞ்சிடும்’ என்பது நம்முடைய பெரிய நம்பிக்கை. ப, ம இரண்டும் இதழ்கள் பொருந்திப் பிறப்பவை என்று தொல்காப்பியர் எப்போதோ சேர்த்துச் சொல்லிவிட்டார். வித்தியாசம் மூக்கில் இருக்கிறது. ‘ப’வுக்கு மூக்கின் உள்கதவு சாத்தியிருக்கும், ‘ம’வுக்குத் திறந்திருக்கும். அந்தக் கதவு வெளியில் தெரியாது. ஆகவே உதட்டைப் பார்க்கிறவருக்கு அப்பாவும் அம்மாவும் ஒன்று. மாமா, பாப்பா, பாமா மூவரும் ஒரே ஆள். ‘மாமா பால் குடிச்சாச்சா’ என்பதற்கும் ‘பாப்பா பால் குடிச்சாச்சா’ என்பதற்கும் கண்ணுக்கு வேறுபாடு கிடையாது. பள்ளிக்கூடத்தில் இன எழுத்து என்று ஜோடி ஜோடியாக மனப்பாடம் செய்தோமே, வல்லினமும் மெல்லினமும், அவை எல்லாமே உதட்டில் இரட்டைப் பிள்ளைகள்தான். க, ங தொண்டைப் பக்கம் பிறப்பதால் அவை வெளியே தலை காட்டுவதே இல்லை. ‘அக்கா’ என்பது பார்வைக்கு ஒரு சின்னக் கொட்டாவி. கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளை வீட்டார் ‘எங்களுக்குப் பணம் முக்கியமில்லை, மனம்தான் முக்கியம்’ என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். பணம், மணம், மனம் மூன்றும் உதட்டில் ஒன்றே என்பதால், பார்ப்பவருக்கு ‘மனம் முக்கியமில்லை, பணம்தான் முக்கியம்’ என்றும் தெரியலாம். காது கேட்டவர்களைவிட அவர் சரியாகப் புரிந்துகொண்டார் என்பது சீர்வரிசைப் பட்டியல் வந்ததும் விளங்கிவிடும்.

இவ்வளவு சிக்கலான வேலையை ஒருவர் மீசைக்கு நடுவிலும் வெற்றிலைக்கு நடுவிலும் செய்துகொண்டிருக்க, நாம் செய்கிற உதவி கத்துவது. கத்தினால் வாய் கோணும். கோணினால் பழகிய உதட்டு வடிவமும் போய்விடும். காதில் கருவி போட்டிருப்பவரிடம் கத்துவது இன்னும் விசேஷம். அந்தக் கருவி பேச்சை மட்டும் பொறுக்கிக் கொடுக்கும் அன்னப்பறவை அல்ல. மின்விசிறி, பாத்திரம் விழுகிற சத்தம், பக்கத்து மேஜைச் சிரிப்பு எல்லாவற்றையும் சேர்த்தே பெரிதாக்கும். கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் ஊழியரைப் பாருங்கள். கண்ணாடிக்குப் பின்னால், குனிந்த தலை, கணினித் திரையைப் பார்த்தபடி ‘ஜெராக்ஸ் ரெண்டு வேணும்’ என்கிறார். எதிரில் இருப்பவர் காதைக் காட்டிக் கையை அசைக்கிறார். ஊழியர் மறுபடி குனிந்து, அதையே இன்னும் உரக்கச் சொல்கிறார். மூன்றாம் தடவை வரிசையில் நிற்கும் பதினைந்து பேருக்கும் ஜெராக்ஸ் ரெண்டு வேண்டும் என்பது தெரிந்துவிடுகிறது, வேண்டியவரைத் தவிர. கையிலேயே பேனா இருக்கிறது. நூல் கட்டி மேஜையோடு பிணைத்த பேனா ஒன்றும் வெளிப்பக்கம் தொங்குகிறது.

சைகை மொழி விஷயத்தில் நம் அறிவு இதைவிடப் பிரகாசம். உலகம் முழுக்க ஒரே சைகைதானே என்பார்கள். அமெரிக்காவும் பிரிட்டனும் ஆங்கிலம் பேசினாலும் அமெரிக்கச் சைகை மொழியும் பிரிட்டிஷ் சைகை மொழியும் ஒன்றுக்கொன்று புரியாதவை. 1817-ல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் தொடங்கிய பள்ளிக்கு லோரான் கிளார்க் என்ற காது கேளாத ஆசிரியர் பிரான்ஸிலிருந்து வந்ததால், அமெரிக்கக் கைகளுக்குப் பாரிஸ் சொந்தம். அகரவரிசையைப் பிரிட்டிஷ்காரர் இரண்டு கையால் காட்டுவார், அமெரிக்கர் ஒரு கையால். இந்தியச் சைகை மொழிக்கு 2018-ல் வந்த அகராதியில் 3,000 சொற்கள் இருந்தன. 2021-ல் அது 10,000 ஆயிற்று. இத்தனை இருந்தும், கையை வேகமாக ஆட்டினால் அதுதான் சைகை மொழி என்பது நம் இலக்கணம். 2013 டிசம்பர் 10 அன்று ஜோகன்னஸ்பர்க் மைதானத்தில் மண்டேலா நினைவு நிகழ்ச்சி நடந்தபோது ஒபாமாவுக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று சைகை காட்டினார். உலகத் தலைவர்கள் பார்த்தார்கள், கோடிக்கணக்கான பேர் தொலைக்காட்சியில் பார்த்தார்கள், ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. காது கேளாதவர்கள்தான் முதல் சில நிமிடங்களிலேயே ‘இந்த ஆள் ஒன்றுமே சொல்லவில்லையே’ என்று கூச்சல் போட்டார்கள். 2017-ல் ஃபுளோரிடாவில் புயல் எச்சரிக்கைக் கூட்டம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராக நிறுத்தப்பட்டவரின் கையிலிருந்து பீட்சாவும் பூதமும் வந்தன. வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்களா, சாப்பாடு ஆர்டர் பண்ணச் சொல்கிறார்களா என்று பார்ப்பவர் எப்படி முடிவு செய்வது?

தெரியாமல் செய்ததை மன்னிக்கலாம். கூட்டம் போட்டுச் செய்ததும் உண்டு. காது கேளாதோர் கல்விக்காக 1880-ல் மிலன் நகரில் ஒரு மாநாடு கூடியது. வந்திருந்த 164 பிரதிநிதிகளில் காது கேளாதவர் ஒரே ஒருவர். பள்ளிகளில் சைகையை விட்டுவிட்டு வாய்ப்பேச்சால்தான் கற்பிக்க வேண்டும் என்று பெரும்பான்மையாகத் தீர்மானம் நிறைவேறியது. மீன்களுக்கு நடக்கக் கற்றுக்கொடுக்கலாம் என்று நாரைகள் கூடித் தீர்மானித்த மாதிரி. அது தவறு என்று அதே மாநாட்டின் வாரிசுகள் வான்கூவரில் சொன்னபோது 2010 ஆகிவிட்டது. 130 வருஷம். இதற்கு நடுவில் அமெரிக்கக் கைகள் ஒரு காரியம் செய்து வைத்திருக்கின்றன. ‘காது கேட்கிறவர்’ என்பதற்கு அவர்களுடைய சைகை காதைத் தொடுவதில்லை. ஆட்காட்டி விரலை வாய்க்கு எதிரே வைத்துச் சுழற்றுவார்கள். வாயால் பேசுகிற ஆள் என்று அர்த்தம். நம்மைக் காதுள்ள ஜனம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, வாயுள்ள ஜனம் என்று அவர்கள் பதிவு செய்துவிட்டார்கள்.

அவர்கள் பக்கம் தவறே இல்லையா என்றால், பழக்கவழக்கத்தில் நம்மைத் திடுக்கிட வைக்கிற சங்கதிகள் உண்டு. கூப்பிட வேண்டுமென்றால் தோளைத் தட்டுவார்கள், தரையை உதைத்து அதிர வைப்பார்கள், விளக்கை அணைத்து அணைத்துப் போடுவார்கள். கடைசியானது நம் ஊரில் விருந்தாளிக்கு வேறு பொருள் தரும்: ‘வோல்டேஜ் சரியில்லை, ஃபிரிட்ஜை நிறுத்துங்க.’ அமைதியான வீடாக இருக்கும் என்று நினைத்துப் போனால், தங்கள் காதில் விழாத காரணத்தால் பாத்திரத்தையும் கதவையும் தாராளமாகப் புழங்குகிற வீடாக இருக்கும். ஆளுக்கு வைக்கும் சைகைப் பெயர் கன்னத்து மச்சமாகவோ முன்வழுக்கையாகவோ அமைந்துவிடும். சம்பந்தப்பட்டவர் முகம் சுளிப்பார். சினிமா டைட்டிலில் குள்ளமணி என்று போட்டுக் கைதட்டிய சமூகம் இதற்கு முகம் சுளிப்பது எனக்கு விளங்கவில்லை.

இன்னும் வலுவான குற்றச்சாட்டு, புரியாமலே தலையாட்டுகிறார்கள் என்பது. உண்மைதான். பாதி கேட்டு, பாதி ஊகித்து, ‘ஆமாம் ஆமாம்’ என்று சிரித்து, கடைசியில் எதற்குச் சம்மதித்தோம் என்று தெரியாமல் மாட்டிக்கொள்வது அங்கே சகஜம். ஆனால் அந்தத் தலையாட்டல் எங்கே கற்றது? மேஜையில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். என்ன என்று கேட்டால் ‘ஒண்ணுமில்ல, விடு, அப்புறம் சொல்றேன்’ என்ற பதில் வரும். அந்த ‘அப்புறம்’ இதுவரை யாருக்கும் வந்ததில்லை. மூன்று தடவை அதைக் கேட்டவர் நான்காவது தடவை சேர்ந்து சிரித்துவிடுவார். கொஞ்சம் பேருக்காக ஊரே மாற வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு 2011 மக்கள்தொகைக் கணக்கின் எண்ணைச் சொல்லலாம். இந்தியாவில் 50 லட்சத்துக்கும் மேல். இந்தக் கணக்கில் சேராத தாத்தாக்கள் தனி. ‘எனக்கு நல்லாத்தான் கேக்குது, நீதான் வாய்க்குள்ளயே பேசறே’ என்பார்கள். பேரன் பேத்திகளைக் கவனித்தவரையில் அந்த வாதத்திலும் நியாயம் இருக்கிறது.

சிரிக்கவே கூடாதா என்றும் கேட்கலாம். கண் தெரியாதவருக்குத் தமிழ் சினிமா ‘ராஜபார்வை’யில் வயலின் கொடுத்தது. காது கேளாதவருக்குப் பெரும்பாலும் காமெடி டிராக்தான் கொடுத்தது. 2007-ல் வந்த ‘மொழி’ மாதிரி விதிவிலக்குகள் குறைவு. அதற்காகச் சிரிப்பைத் தடை செய்ய வேண்டாம். அவர்களே நம்மைவிட நன்றாகச் சிரிக்கிறார்கள், ஆளைத்தான் மாற்றிக்கொள்கிறார்கள். அமெரிக்கக் காது கேளாதோரிடையே கை மாறிக் கை மாறி வரும் கதை ஒன்று. மனைவியோடு விடுதியில் தங்கியவர் நடுராத்திரி காரில் வெளியே போய்விட்டுத் திரும்புகிறார். எந்த அறை என்பது மறந்துவிட்டது. எல்லாக் கதவும் ஒரே மாதிரி, எல்லா ஜன்னலும் இருட்டு. யோசித்துவிட்டு, கார் ஹாரனை விடாமல் அழுத்துகிறார். வரிசையாக ஒவ்வொரு அறையிலும் விளக்கு எரிகிறது. ஒரே ஒரு அறையில் மட்டும் எரியவில்லை. நேரே அங்கே போய்ப் படுத்துக்கொள்கிறார். மற்ற அறைக்காரர்கள் ஜன்னலைத் திறந்து அவரை என்னவெல்லாம் திட்டினார்கள் என்பது கதையில் வராது.