ஐம்பதரை கிலோ காற்றும் ஒரு நாட்டு நாயும்

பெறுநர்:
மேன்மை தாங்கிய சரக்குப் பிரிவு மேலாளர் அவர்கள்,
பெயர் சொல்லத் தேவையில்லாத புகழ்பெற்ற விமான நிறுவனம்,
சென்னை.

பொருள்: மணி என்கிற நாட்டு நாயின் காதுகள் நிமிர்ந்து நின்றது தொடர்பாக.

ஐயா,

முந்தாநாள் இரவு மீனம்பாக்கத்தில் தங்கள் கவுன்டர் முன் எங்கள் மணியைக் கூண்டோடு இறக்கி வைத்தோம். தங்கள் ஊழியர் விசிலடித்தார். எந்த நாயும் செய்வதைத்தான் மணியும் செய்தான்: காதைத் தூக்கினான். காதின் நுனி கூரையில் உரசியது. "ரிஜெக்ட் சார்."

நாய் கூண்டுக்குள் நிமிர்ந்து நிற்க வேண்டும், திரும்ப வேண்டும், படுக்க வேண்டும், உயரத்தைக் காது நுனிவரை அளக்க வேண்டும் என்பது சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டாவின் விதி. அருமையான விதி. அதைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். அந்தக் கூண்டை எனக்கு விற்றவர் தாங்களே கைகாட்டிய ஏஜென்ட் என்பதையும் குறையாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொல்கிறேன்.

ஊழியர் இரக்கப்பட்டு ஒரு மாற்று வழியும் சொன்னார்: "காதை மடக்கிக்கிட்டு நிக்கச் சொல்ல முடியாதா சார்?" மணிக்குத் தெரிந்த கட்டளைகள் 'வா', 'உக்காரு', 'செருப்பை விடு'. காது சம்பந்தமாக நாங்கள் எதுவும் கற்றுக்கொடுக்கவில்லை. மனைவியும் மகளும் பெர்லினுக்கு விமானம் ஏறிவிட்டார்கள். நானும் மணியும் காலி செய்த வீட்டுக்கே திரும்பினோம்.

இனி காற்று விஷயம். மணியின் எடை 19 கிலோ. கூண்டு 12 கிலோ. என் அறியாத கணக்கில் இது 31. தங்கள் கணக்கோ வேறு: நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6000ஆல் வகுத்தால் வருவது வால்யூம் வெயிட். உண்மை எடை, வால்யூம் வெயிட், இரண்டில் எது அதிகமோ அதற்குக் காசு. 70 சென்டிமீட்டர் உயரக் கூண்டுக்கு 76 கிலோ போட்டிருந்தீர்கள். காதுக்காக 75 உயரத்தில் புதுக்கூண்டு வாங்கினால், 100 பெருக்கல் 65 பெருக்கல் 75, வகுத்தல் 6000, அதை அடுத்த அரை கிலோவுக்கு உயர்த்தினால் எண்பத்தொன்றரை கிலோ. ஆக, இரண்டு காதுக்கு ஐந்தரை கிலோ காற்று. மொத்தமாக நான் ஜெர்மனிக்கு ஏற்றுமதி செய்வது ஐம்பதரை கிலோ காற்றும், அதற்குத் துணையாக ஒரு நாயும். அவ்வளவு பெரிய கூண்டில் அடைபடும் காற்றைத் தராசில் நிறுத்தால் 600 கிராம்கூடத் தேறாது என்று பள்ளிக்கூட இயற்பியல் சொல்கிறது. இயற்பியலுக்கு விமானத் துறை அனுபவம் போதாது.

எனக்குத் தங்கள் நிறுவனம் அனுமதித்த பெட்டி 23 கிலோ. காற்றுக்கு ஐம்பதரை. என்னைவிடக் காற்றுக்கு மரியாதை அதிகம் என்பதில் எனக்கு வருத்தமில்லை. காற்று தகராறு செய்யாது. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களைப் பல நிறுவனங்கள் ஏற்றுவதே இல்லை, மூச்சுத் திணறும் என்பதற்காக. மணிக்கு நல்ல நீளமான மூக்கு. கட்டிய காசுக்குக் கடைசி கிராம் வரை இழுத்துவிடுவான்.

கூண்டு வருவதற்கு முன் மணி தயாரான விதத்தையும் தாங்கள் அறிய வேண்டும். கழுத்துத் தோலுக்கடியில் 15 இலக்க எண்ணோடு மைக்ரோசிப். அதன் பிறகு வெறிநோய்த் தடுப்பூசி. ஊசி போட்டு 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் ஏற்றுக்கொண்ட ஆய்வகத்துக்கு அனுப்பி, மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகுக்குக் குறையாமல் எதிர்ப்புச் சக்தி இருக்கிறது என்ற சான்று. ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதக் காத்திருப்பு. என் வேலை அனுமதிக்குக்கூட யாரும் என் ரத்தத்தைக் கேட்கவில்லை. இவ்வளவையும் கடந்து வந்தவனின் உடல்நலச் சான்றிதழ் 10 நாளில் காலாவதியாகும். அந்தக் கடிகாரம் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது, தங்கள் காதில் விழுகிறதோ இல்லையோ.

அழைத்துப் போவதா வேண்டாமா என்று வீட்டில் விவாதம் நடக்காமலில்லை. மணிக்கு எட்டு வயது. பத்து மணி நேரத்துக்கு மேல் இருட்டில் அடைந்து கிடக்க வேண்டும். பெர்லின் குளிருக்கு அவன் உடம்பில் இருக்கும் மெல்லிய முடி காணாது. திண்டிவனத்து மாமா, "நம்ம தோட்டத்துல விட்டுட்டுப் போ, ராஜா மாதிரி இருப்பான்" என்றார், மனசார. இதய நோயோ முற்றிய வயதோ இருந்தால் அதுவே சரியான முடிவு; அப்படி விட்டுப் போனவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் அடுக்ககத்தில் ஒரு குடும்பம் கனடா போனபோது லாப்ரடாரை வாட்ச்மேனிடம் ஒப்படைத்துவிட்டுப் போனது. வாட்ச்மேன் அடுத்த மாதம் வேலையை விட்டார். நாய் இப்போதும் லிஃப்ட் திறக்கும்போதெல்லாம் எழுந்து நிற்கிறது. மருத்துவர் மணியின் நெஞ்சைச் சோதித்து, "தாராளமா போலாம்" என்றார். தயக்கம் அதோடு முடிந்தது.

ஆனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. புதுக்கூண்டுக்கும் காற்றுக்கும் பணம் கட்டத் தயார் என்று நான் சொன்ன பிறகு, தங்கள் சூப்பர்வைசர் குனிந்து மணியைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இது தெரு நாய்தானே சார்? இதுக்கா இவ்வளவு செலவு? அங்க போய் நல்ல ஜாதி நாயா ஒண்ணு வாங்கிக்கங்க." பக்கத்தில் ஹஸ்கியோடு நின்றவர் சிரித்தார்.

எட்டு வருடம் எங்கள் வாசலில் படுத்த உயிரைப் பழைய சோபாவைப்போல் தள்ளிவிட்டு, போகிற ஊரில் புதிது வாங்க வேண்டுமாம். அதுவும் ஜாதி பார்த்து. மனிதனிடம் கேட்கக் கூசுவதை நாயிடம் கேட்கலாம் என்று எவன் சொல்லிக்கொடுத்தான்? அந்த ஹஸ்கிக்கும் மணிக்கும் ஒரே கட்டணம், ஒரே ஊசி, ஒரே சான்றிதழ். காசு வாங்கும்போது தெரியாத ஜாதி, கூண்டைப் பார்க்கும்போது மட்டும் எப்படித் தெரிகிறது? 1957 நவம்பர் 3 அன்று ஸ்புட்னிக் 2இல் விண்வெளிக்குப் போன லைக்கா, மாஸ்கோ தெருவில் பிடித்த நாய். பசியும் குளிரும் தாங்கிப் பழகியது என்பதற்காகவே தெரு நாயைத் தேடிப் பிடித்தார்கள். திரும்பிப் படுக்க இடமில்லை, திரும்பி வர ஏற்பாடும் இல்லை. சில மணி நேரத்திலேயே வெப்பம் தாளாமல் அது செத்தது என்ற உண்மை 2002இல்தான் வெளியே வந்தது. சாகிற வேலை என்றால் தெரு நாய், வாழப் போகிறது என்றால் ஜாதி நாயா?

மேன்மை தாங்கியவரே, ரத்த அழுத்த மாத்திரை போட்டுக்கொண்டேன். தங்கள் பொன்னான நேரத்தில் இன்னும் ஒரு நிமிடம்.

பெர்லினில் நாய்க்கு வரி உண்டு, முதல் நாய்க்கு ஆண்டுக்கு 120 யூரோ. ஆனால் அவர்கள் அனுபவம் குறைந்தவர்கள். நாய்க்கு மட்டும் வாங்குகிறார்கள், அதைச் சுற்றியுள்ள காற்றை விட்டுவிடுகிறார்கள். தங்கள் ஊழியர் ஒருவரை அங்கே பயிற்சிக்கு அனுப்பினால் அந்த நகரம் செழிக்கும்.

என் விண்ணப்பம் இதுதான். புதுக்கூண்டு நாளை வருகிறது. விசிலடித்தவரையே தாராளமாக மறுபடி விசிலடிக்கச் சொல்லுங்கள். சான்றிதழ் காலாவதியாவதற்குள் முன்பதிவை உறுதி செய்யுங்கள். கூண்டு விற்கும் ஏஜென்ட்களுக்கு ஓர் அளவு நாடா வாங்கிக் கொடுங்கள். சூப்பர்வைசரிடம் நான் மன்னிப்பு எதிர்பார்க்கவில்லை. அடுத்த முறை அவர் கவுன்டருக்குப் பின்னாலேயே இருந்தால் போதும்.

இப்படிக்கு,
ஐம்பதரை கிலோ காற்றின் உரிமையாளர்

பின்குறிப்பு, இதே பாடு படப்போகும் வாசகர்களுக்கு: சிப் போட்ட பிறகுதான் ஊசி, அதற்கு முன் போட்ட ஊசியை ஐரோப்பா ஏற்காது. வேலைக்கு ஆஃபர் வரும்வரை காத்திருக்காமல் ரத்தப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். கூண்டுக்கு அளவெடுக்கும்போது யாரையாவது விசிலடிக்கச் சொல்லுங்கள்.