துணைவகை விளக்கம்

மாணாக்கர்க்கும் குமுகத்துக்கும் உரிய புதுமுயற்சி ஒன்றைத் தலைநின்று நடத்தும் தாய்க்கு அன்னைத்தலைவி என்று பெயர். 1998-இல் விரிகுடாப் பகுதியில் வெற்றிச்செல்வி இராசமாணிக்கம் தொடங்கிய கலிபோர்னியா தமிழ்க் கழகம் இத்தகு முயற்சிக்கு எடுத்துக்காட்டு. அன்னைத்தலைவியைச் சூழ நிற்போர் தருவது துணை. அது நால்வகைத்து.

முதலாவது, சொற்றுணை. வாயாலும் விரலாலும் மட்டும் செய்யப்படுவது. விரல்வழியது புலனக்குழுவில் கைகூப்பிய படமாக வரும். அக்கைகள் எத்துணை கூடினும் நாற்காலி அடுக்கும் கைகள் கூடா. வாய்வழியது விழா முடிந்தபின் தோன்றும்: 'அக்கா, இன்னும் பெரிய ஹாலா எடுத்திருக்கலாம்.' இதனைப் பிற்கூறல் என்க. முற்கூறல் இதுவரை காணப்படவில்லை.

இரண்டாவது, வினாத்துணை. இது கணவற்கே உரியது, விரித்து நோக்கத்தக்கது. 'நீ போய்ட்டு வா, நான் பாத்துக்கிறேன்' என்பதில் தொடங்கி, அன்னைத்தலைவி பிரிமான்டில் ஒலிவாங்கியைக் கையில் எடுக்கும் நொடியில் கைப்பேசி அதிர்வதால் முழுமை பெறும். உட்பிரிவு மூன்று. இடவினா: 'துவரம்பருப்பு எந்த டப்பால இருக்கு?' அளவுவினா: 'குக்கர் எத்தனை விசில்?' இசைவுவினா: 'பசங்களுக்கு பீட்சா வாங்கிடவா?' மூன்றும் இவ்வரிசையிலேயே வரும். இசைவுவினா முதலிலேயே வருமாயின் அவன் பட்டறிவுடையான் என்று துணிக.

மூன்றாவது, சட்டத்துணை. நிலந்தோறும் வேறுபடும். பிறந்த பிள்ளையைப் பேண ஊதியத்தோடு கூடிய விடுப்பைக் கலிபோர்னியா 2004-இலும் நியூஜெர்சி 2009-இலும் வழங்கத் தொடங்கின. டெக்சாசில் அவ்விடத்தை, ஆறு திங்கள் தங்க இசைவு பெற்று வரும் மாமியார் நிரப்புவார்.

இதன் உட்பிரிவு தடைத்துணை. அமெரிக்காவில் பணிபுரிய வந்தோரின் இணையர்க்குரிய எச்-4 நுழைவுரிமையில் வந்த மனைவியர் ஊதியப்பணி செய்யலாகாது என்பது 2015 மே 26 வரை சட்டம். அதன் பின்னரும், கணவரின் பச்சை அட்டை விண்ணப்பம் உரிய படியைத் தாண்டிய இல்லங்களுக்கே அது தளர்ந்தது. விளைவு, பொறியியல் படித்த பெண்கள் பலர் காரிக்கிழமை காலைகளில் ஊதியமின்றி அகரம் எழுதுவித்தனர். தமிழ்ப்பள்ளிகள் ஆசிரியரைப் பெற்ற வழிகளுள் இஃதொன்று. அரசு இதனைத் துணை என்று கருதிச் செய்யவில்லை. ஆயினும் வகைப்பாட்டில் அதற்குரிய இடத்தை மறுத்தல் முறையன்று.

நான்காவது, தோள்துணை. மேசை தூக்கல், வெண்பலகை துடைத்தல், இட்டலி ஏனத்தைச் சிற்றுந்தின் பின்புறம் ஏற்றல், வரிவிலக்குப் பெற்ற அமைப்புகள் ஆண்டுதோறும் தரவேண்டிய 990 படிவத்தை நிரப்பல் ஆகியன இதன்பாற்படும். இறுதியது தோளால் செய்வதன்று. சுமையாதலின் ஈண்டு வைத்தாம். அருகி வழங்கும் வகை. எங்கேனும் கண்டால் நாளும் இடமும் குறித்துக்கொள்க.

இனி, வகைகள் மயங்கி வருதலும் உண்டு. 'மேசைய நான் தூக்குறேன், எங்க வைக்கணும்னு மட்டும் சொல்லு' என்பது தோளின்பாற்படுமோ, வினாவின்பாற்படுமோ? அடுத்த காரிக்கிழமைக்குள் விடை எழுதிக் கொணர்க.