கூடாரத் தலைவர்

லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் சொந்த வீடும், இரண்டு பிள்ளைகளும், தேவைக்கு மேல் பெரிய காரும் உள்ள நாற்பது வயதுக்காரர்களில் ஒரு தனி இனம் உண்டு. திங்கள் முதல் வியாழன் வரை இவர்களைக் கண்டுபிடிக்க முடியாது. எல்லாரையும் போல அலுவலகக் கூட்டத்துக்குப் போவார்கள். எல்லாரையும் போலக் கொட்டாவியை மறைப்பார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் தலையில் அகல விளிம்புத் தொப்பி ஏறும். கால்சட்டையில் எட்டுப் பைகள் முளைக்கும். அவற்றில் மூன்றிலாவது கத்தி இருக்கும். குடும்பத்தை இயற்கை அன்னையின் மடியில் இரண்டு இரவு கிடத்தாமல் ஓயமாட்டேன் என்ற தீர்மானம் முகத்தில் தெரியும். இவர்தான் கூடாரத் தலைவர்.

இவரை இயல்பான சூழலில் பார்க்க விரும்புகிறவர்கள் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவுக்குப் போகவேண்டும். நகரத்திலிருந்து கிழக்கே காரில் இரண்டரை மணி நேரம், போக்குவரத்து மனம் வைத்தால். மொஹாவி, கொலராடோ என்ற இரண்டு பாலைவனங்கள் ஒன்றையொன்று தொடும் இடம் அது. பரப்பளவு ஏறக்குறைய 3,200 சதுர கிலோமீட்டர். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் தலைவர்கள் ஏராளமாகத் தென்படுவார்கள். கோடையில் வெயில் 38 டிகிரியைத் தாண்டிவிடும். அப்போது தலைவர் வீட்டில் ஏசியைப் போட்டுக்கொண்டு, எந்த விளக்கு எத்தனை மணி நேரம் எரியும் என்று முன்பின் தெரியாதவர்கள் எழுதிய விமர்சனங்களை வாசித்துக்கொண்டிருப்பார்.

இரண்டு இரவுப் பயணம் என்றாலும் அது ஆறு மாதத்துக்கு முன்பே தொடங்கிவிடும். முகாமில் இடம் பிடிக்கும் இணைய வாசல் அப்போதுதான் திறக்கும். அன்று விடிகாலையில் தலைவர் தன் மடிக்கணினி, தன் கைபேசி, மனைவியின் கைபேசி மூன்றையும் வரிசையாக வைத்துக்கொண்டு காத்திருப்பார். ஜம்போ ராக்ஸ் என்ற முகாமில் 124 இடங்கள் இருக்கின்றன. வசந்தகாலச் சனிக்கிழமை என்றால் 124 என்பது ஒரு எண்ணே அல்ல. இடம் கிடைத்ததும் 'கிடைத்துவிட்டது!' என்று கத்துவார். வீட்டில் யாரும் எழுந்திருக்கமாட்டார்கள்.

அடுத்தது பட்டியல். கல்யாணச் சமையல்காரர் எழுதித் தரும் சாமான் பட்டியலைவிட நீளமான ஒன்று இருக்கமுடியாது என்று நான் வெகுநாள் நம்பியிருந்தேன், தலைவரின் எக்ஸெல் கோப்பைப் பார்க்கும்வரை. உறக்கம், உணவு, ஒளி, முதலுதவி, கேளிக்கை என்று ஐந்து தாள்கள். சாமான்களின் எடை அவுன்ஸில் குறித்திருக்கும். மலை ஏறுகிறவர்கள் முதுகில் சுமப்பதால் எடை பார்ப்பார்கள். இவருடைய சாமான்கள் கார் கதவிலிருந்து பத்தடி தூரம்தான் பயணம் செய்யும். ஆனாலும் அவுன்ஸ் அவுன்ஸ்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவரைக் குறை சொல்லமுடியாது. ஜம்போ ராக்ஸில் குடிநீர்க் குழாய் கிடையாது. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், வெயிலில் நடக்கிறவர் என்றால் இரண்டு கேலன் கொண்டுவாருங்கள் என்பது பூங்காவின் அறிவுரை. ஒரு கேலன் ஏறக்குறைய 3.8 லிட்டர். நாலு பேர், மூன்று நாள், இரண்டு கேலன் என்று பெருக்கினால் 24 கேலன். காரின் பின்பக்கம் 90 லிட்டர் தண்ணீர் குலுங்கும். 'எதற்கு இவ்வளவு?' என்று பிள்ளைகள் கேட்பார்கள். பாலைவனம் யாரிடமும் இரண்டாம் முறை கேட்காது என்பார். அதை அவர் எங்கிருந்து பிடித்தார் என்று தெரியாது. சொந்தச் சரக்கு போலத்தான் இருக்கிறது.

தண்ணீருக்குப் பிறகு மிச்ச இடத்தில் எளிய வாழ்க்கைக்குத் தேவையானவை ஏறும். மடக்கு மேசை, மடக்கு நாற்காலி, மடக்கு அடுப்பு, மடக்கு வாளி, கையால் அழுத்தி எஸ்பிரஸோ எடுக்கும் கருவி, காற்றடைத்த மெத்தை, அதற்குக் காற்றடிக்கும் பம்பு, பம்புக்கு மின்கலம், மின்கலத்துக்குச் சூரியத் தகடு. கடைசியில் மனைவி ஒரு பழைய துணிப்பையைக் கொண்டுவந்து தன் காலடியில் வைத்துக்கொள்வார். அதில் என்ன இருக்கிறது என்று தலைவர் கேட்பதில்லை. பட்டியலில் இல்லாத ஒன்று எவருக்கும் தேவைப்படும் என்பதை அவரால் கற்பனை செய்யமுடியாது.

வழியில் சான் கோர்கோனியோ கணவாயில் வரிசை வரிசையாகக் காற்றாலைகள் நிற்கும். கடலோரக் குளிர்ந்த காற்றைச் சூடான பாலைவனம் இந்த இடுக்கு வழியாக உறிஞ்சுவதை விளக்குவார். அதே காற்று இன்று மாலை தன் கூடாரத்தைத் தேடி வரும் என்பது விளக்கத்தில் வராது. 62ஆம் நெடுஞ்சாலையில் ஏறி, யக்கா வேலி ஊரில் விறகு வாங்கவேண்டும். பூங்காவுக்குள் பட்ட குச்சியைக்கூடப் பொறுக்கக்கூடாது என்பது சட்டம். வாசலைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கைபேசியின் கோடுகள் ஒவ்வொன்றாக மறையும். பின்னிருக்கையில் பதினாலு வயது மகள், உறவினரைச் சுடுகாட்டில் விட்டுவிட்டு வந்தவளுடைய முகத்தோடு ஜன்னலைப் பார்ப்பாள்.

இனி கூடாரம் அடிக்கும் படலம். அந்தப் பூமி மேலே பொடிக்கல், கொஞ்சம் கீழே பெருங்கல். கூடார முளை நாலு அங்குலம் இறங்கும், பிறகு வளையும். காற்று துணியைத் தூக்கும். தலைவர் ஒரு மூலையில் மண்டியிட்டால் எதிர் மூலை எழுந்து நிற்கும். ஒன்பது வயது மகனை உள்ளே உட்காரவைத்து எடையாகப் பயன்படுத்துவார். இந்த நேரம் பார்த்து அடுத்த இடத்திலிருந்து இன்னொரு தலைவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வருவார். அவருடைய கூடாரம் வெகு நேரத்துக்கு முன்பே ஏறி விறைப்பாக நிற்கும்.

'நல்ல காற்று.'

'ஆமாம்.'

'முளையைச் சாய்த்து அடிக்கவேண்டும்.'

'தெரியும்.'

'தெரிந்துதான் நேராக அடிக்கிறீர்களா?'

இதற்குமேல் இரு நாடுகளுக்கிடையே போர்தான் மூளும் என்று நாம் நினைப்போம். மூளாது. கால் மணி நேரத்தில் இரண்டு பேரும் ஒரே மூலையில் மண்டியிட்டிருப்பார்கள். அரை மணியில் ஒருவர் விளக்கை மற்றவர் மெச்சுவார். ஓர் இடத்தில் ஆறு பேர், மூன்று கூடாரம், இரண்டு கார் என்ற விதியை இருவரும் சேர்ந்தே ஒப்பிப்பார்கள்; எதிர்வரிசையில் நிற்கும் மூன்றாவது காரை இருவரும் சேர்ந்தே முறைப்பார்கள். தலைவர்களின் நட்பு பொதுவான எதிரியின்மேல் கட்டப்படுவது.

மறுநாள் மலை. ரையன் மவுண்டன் என்று பெயர், போக வர மூன்று மைல். 'மூன்று மைல்தானே' என்பார். அந்த ஒன்றரை மைலில் ஆயிரம் அடிக்கு மேல் ஏறவேண்டும் என்பது கோப்பின் இரண்டாம் தாளில் சிறிய எழுத்தில் இருக்கும். முதல் திருப்பம்வரை அவர்தான் முன்னால் போவார். பிறகு ஓர் அதிசயம் நடக்கும். மேடு செங்குத்தாக ஆக அவருடைய அறிவு பெருகும். பத்தடிக்கு ஒரு தரம் நின்று, கீழே சமவெளியில் கைகளை வானத்துக்கு நீட்டி நிற்கும் மரங்களைக் காட்டி விளக்கம் தருவார்.

அவை நாம் நினைக்கிற மாதிரி மரங்களே அல்ல, ஆனைக்கற்றாழைக்கு உறவு. வெட்டிப் பார்த்தால் வளையங்கள் இருக்காது, வயதைத் துல்லியமாகச் சொல்லமுடியாது. (நிற்பார். மூச்சு.) யக்கா அந்துப்பூச்சி என்று ஒரே ஒரு வகைப் பூச்சிதான் இவற்றுக்கு மகரந்தம் சேர்க்கும். பூச்சி பூவிலேயே முட்டையிடும்; புழு விதைகளில் கொஞ்சம் தின்னும், மிச்சம் மரத்துக்கு. அதுதான் ஒப்பந்தம். (மூச்சு.) யு2 குழுவின் 1987 இசைத்தொகுப்பில் வரும் புகழ்பெற்ற மரத்தைத் தேடி இன்றும் இங்கே ரசிகர்கள் வருகிறார்கள், அந்த மரம் இந்தப் பூங்காவிலேயே இருந்ததில்லை, வடக்கே டெத் வேலிப் பக்கம் இருந்தது. (நீண்ட மூச்சு.)

'அப்பா, மூச்சு வாங்குகிறதா?' என்பான் மகன்.

'இல்லை. விளக்கிக்கொண்டிருக்கிறேன்.'

மனைவி இதையெல்லாம் கேட்பதில்லை. உச்சியில் ஒரு பாறையில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருப்பார். ஆரஞ்சு துணிப்பையிலிருந்து வந்தது.

சாயங்காலம் சோய்யாக் கள்ளித் தோட்டம். தூரத்திலிருந்து பார்த்தால் பொன்னிறப் பஞ்சு பொதிந்த பொம்மை. டெடி கரடி என்றே அதற்குப் பெயர். தலைவர் குடும்பத்தை வரிசையாக நிறுத்தி எச்சரிப்பார். இது பாய்ந்து குத்தும் என்று சொல்வார்கள், அது கட்டுக்கதை. இதன் கணுக்கள் லேசாகப் பட்டாலே கழன்று ஒட்டிக்கொள்ளும். முள்ளின் நுனியில் கொக்கிபோன்ற செதில்கள் இருப்பதால் உள்ளே போவது எளிது, வெளியே வருவது கடினம். ஆகவே யாரும் பாதையை விட்டு விலகாதீர்கள். எல்லாம் சரியான தகவல். பிறகு எல்லாரையும் படத்துக்குள் அடக்குவதற்காக ஓரடி பின்னால் போவார்.

கையால் பிடுங்கினால் கையில் ஒட்டும். இதற்குச் சரியான ஆயுதம் தலை வாரும் சீப்பு. கெண்டைக்காலுக்கும் கள்ளிக் கணுவுக்கும் நடுவே சீப்பை நுழைத்து ஒரே நெம்பு. முதலுதவித் தாளில் பாம்புக்கடிக்கு, வெப்பத்தாக்குக்கு, எலும்புமுறிவுக்கு எல்லாம் வகை இருக்கும்; சீப்பு இருக்காது. தலைவருக்கு முடி கொட்டி வெகுகாலமாகிவிட்டது. மனைவி ஒன்றும் பேசாமல் துணிப்பைக்குள் கையை விடுவார்.

இரவு நெருப்பு மூட்டி, மார்ஷ்மெல்லோவைக் குச்சியில் குத்திக் கருக்கி, சாக்லேட்டோடு பிஸ்கட்டுக்குள் வைத்துத் தின்பார்கள். இது மரபு, யாருக்கும் பிடிக்கவேண்டிய அவசியமில்லை. நொண்டும் காலை நீட்டிக்கொண்டு தலைவர் வரலாறு சொல்லத் தொடங்குவார். மினர்வா ஹாய்ட் என்று தெற்குப் பாசடீனாவைச் சேர்ந்த ஒரு பெருமாட்டி. இந்தப் பாலைவனத்துக் கள்ளிகளையும் மரங்களையும் ஜனங்கள் தோண்டிக்கொண்டு போய்த் தோட்டத்தில் நடுவதைப் பார்த்துப் பொறுக்காமல் போராடினார். நியூயார்க், லண்டன் கண்காட்சிகளுக்குப் பாலைவனக் காட்சியையே கொண்டுபோய் நகரத்தாருக்குக் காட்டினார். அதன் பலனாகத்தான் 1936இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் இதைத் தேசிய நினைவிடமாக அறிவித்தார். 1994இல் தேசியப் பூங்கா ஆனது. அந்த அம்மையார் பாலைவனத்தை நகரத்துக்குக் கொண்டுபோனார். எஸ்பிரஸோ கருவிக்கும் சூரியத் தகட்டுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் தலைவர் நகரத்தைப் பாலைவனத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார். இதை அவரிடம் சொன்னால், இரண்டும் சேவைதானே என்பார்.

விளக்கு எட்டாத இருட்டில் கங்காரு எலி ஒன்று விதை பொறுக்கிக்கொண்டிருக்கும். தண்ணீரையே குடிக்காமல் ஆயுளை ஓட்டக்கூடிய பிராணி அது. தின்னும் விதையிலிருந்தே தனக்கு வேண்டிய ஈரத்தை அதன் உடம்பு உண்டாக்கிக்கொள்ளும். 90 லிட்டரைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் நாலு பேரைப்பற்றி அது என்ன நினைக்கும் என்று தெரியவில்லை.

பத்து மணிக்கு அமைதி நேரம் தொடங்கும். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே தலைவர் எதிர்வரிசையின் பாட்டுச் சத்தத்தை நோக்கித் தொண்டையைக் கனைப்பார். 2017இலிருந்து இது உலக அங்கீகாரம் பெற்ற இருள்வானப் பூங்கா. தலைக்குமேல் நட்சத்திரங்கள் கொட்டிக் கிடக்கும். எந்த நட்சத்திரம் எது என்று காட்டும் செயலியைத் தலைவர் திறப்பார். அது இணையம் கேட்கும். செயலி சுழன்றுகொண்டிருக்கும்வரை அவர் திரையையே பார்ப்பார். மகளுக்கு அந்தச் சிக்கல் இல்லை. அவளுடைய கைபேசி இரண்டு நாளாகச் செத்துக்கிடக்கிறது. வேறு வழியில்லாமல் அவள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை, வாங்கும்போது உறைக்குள் இருந்த படுக்கைப்பை ஒன்றுகூடத் திரும்ப அந்த உறைக்குள் போகாது. காரில் வந்த சாமான்கள் அனைத்தும் திரும்பும்போது ஒன்றரை மடங்காகியிருக்கும். பாதித் தண்ணீர் மிச்சம். தலைவர் அதைத் தோல்வியாக எண்ணமாட்டார். பிள்ளைகளுக்கு இயற்கையில் நாட்டமே இல்லை, தன் காலத்தோடு இதெல்லாம் முடிந்துவிடும் என்ற கவலைதான் அவருக்கு. யக்கா வேலியில் பெட்ரோல் போட நிறுத்தும்போது கைபேசிகள் உயிர்பெறும். தலைவர் முதல் வேலையாக நாட்காட்டியைத் திறந்து ஆறு மாதம் எண்ணுவார். அக்டோபர் வரும். நல்ல மாதம்.

பக்கத்துப் பம்பில் பூங்காவுக்குப் போகும் ஒரு புதுக் குடும்பம் நிற்கும். பளபளக்கும் நாற்காலிகள், விலைச்சீட்டுகூடக் கிழிக்காத கூடாரம், பன்னிரண்டு சின்னத் தண்ணீர்ப் பாட்டில்கள். அவர்களுடைய பையன் காருக்கு வெளியே நின்றுகொண்டிருப்பான். அத்தனை செய்திகள் வந்து குவிந்திருக்கும் கைபேசியைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, இரண்டு நாளும் முகத்தைத் தூக்கி வைத்திருந்த மகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவனிடம் போவாள்.

'ஜம்போ ராக்ஸா?'

'ஆமாம்.'

'நாலு பேருக்கு இவ்வளவுதான் தண்ணீரா?'

பையன் விழிப்பான். அவள் பாட்டில்களை எண்ணுவாள், கூடாரப் பையின் எடையைக் கையால் தூக்கிப் பார்ப்பாள், பிறகு பெருமூச்சு விடுவாள்.

'முளையையாவது சாய்த்து அடியுங்கள். சீப்பு இருக்கிறதா?'